ஊராட்சி வாயிலும் கணிப்பொறித் திறவுகோலும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

ஆட்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலர்க்கும் தலைநகரும் கோட்டையும் அமைச்சர்தம் ஊர்திகளுமே நினைவிற்கு வருகின்றன. ஆனால், எளிய குடிமகன் ஒருவன் தன் வாழ்நாளில் அரசை நேருக்கு நேர் காணுமிடம் கோட்டையன்று. பிறந்த குழவிக்குப் பிறப்புச் சான்று வாங்குமிடம், இறந்த தந்தைக்கு இறப்புச் சான்று வாங்குமிடம், காணி நிலத்திற்குப் பட்டா வாங்குமிடம், குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிடுமிடம் ஆகிய இவையே அவனுக்கு அரசு. ஊராட்சி அலுவலகத்தின் படிக்கட்டிலும் வட்டாட்சியர் அலுவலகத்தின் நடைக்கூடத்திலும் அவன் எவ்வாறு நடத்தப்படுகின்றானோ, அவ்வாறே நாடு அவனை நடத்துகின்றது என்று கொள்ளல் வேண்டும்.

கணவனை இழந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். கணவன் பெயரிலுள்ள சிறு நிலத்தின் பட்டாவை அவள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். அதற்கு எந்தெந்தச் சான்றுகள் வேண்டும், எந்தச் சான்றை எந்த அலுவலகத்திற் பெறுவது, எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும் என்பவற்றுள் ஒன்றையும் அவள் அறியாள். ஒருநாள் அலுவலகம் சென்றால் ஒருநாட் கூலி போயிற்று. சென்ற நாளில் அலுவலர் இல்லையென்றால் இன்னொரு நாட் கூலியும் போயிற்று. அவ்வேளையில், அலுவலக வாயிலின் மரநிழலில் ஒருவன் நிற்கின்றான். "கவலைப்படாதே அம்மா, எல்லாவற்றையும் யான் முடித்துத் தருகின்றேன்" என்கின்றான். அவனே இடைத்தரகன்.

அவ் விடைத்தரகன் வைத்திருக்கும் முதல் யாது? பொன்னன்று, பொருளன்று. அவள் அறியாததை அவன் அறிந்திருக்கின்றான். அஃதொன்றே அவன் முதல். அவளது அறியாமையை அவளுக்கே விலைக்கு விற்று அவன் பிழைக்கின்றான். அவன் வாங்கும் பணத்தில் ஒரு பங்கு கையூட்டாக உள்ளே செல்லுமாயின், உள்ளே இருப்பவர்க்கும் அவளது அறியாமை தேவைப்பட்டுவிடுகின்றது. ஆகவே, மக்கட்கும் உள்ளாட்சிக்கும் இடையே கணிப்பொறியைக் கொண்டுவந்து வைக்கும் எந்தத் திட்டத்தையும் அளப்பதற்கு ஒரே ஓர் அளவுகோல் போதும். அத்திட்டம் அம் மூதாட்டியின் அறியாமையைக் குறைத்ததா, அல்லது புதியதோர் அறியாமையைப் படைத்ததா? குறைத்ததாயின் அது திறவுகோல். புதிதாகப் படைத்ததாயின் அது பழைய கதவில் மாட்டிய புதிய பூட்டு, அவ்வளவே.

இவ் வளவுகோலைக் கையிற் கொண்டு மூன்று நாடுகளின் பட்டறிவைப் பார்ப்போம்.

முதலாவது, அண்டை நிலமாகிய கருநாடகம். அங்கே உழவரின் நிலப் பதிவேடுகள் நெடுங்காலம் ஊர்க்கணக்கர்தம் கையிலேயே இருந்தன. ஏறத்தாழ 9,000 ஊர்க்கணக்கர்கள், ஒவ்வொருவரும் சில சிற்றூர்களுக்குரிய கையெழுத்துப் பதிவேடுகளை வைத்திருந்தனர். கடன் வாங்கவும் வழக்காடவும் பதிவேட்டின் படி வேண்டுமென்றால், உழவன் அக் கணக்கரைத் தேடியலைதல் வேண்டும். அவர் மனங்குளிர நடத்தல் வேண்டும். எழுத்து அவர் எழுத்து. ஏடு அவர் ஏடு. அதில் அவர் திருத்தியதைக் காண்பார் ஒருவருமிலர். இந் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பூமி' என்னும் திட்டத்தின் வழி அப் பதிவேடுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. ஏறத்தாழ 67 இலக்கம் உழவர்களின் 2 கோடிப் பதிவுகள் அவை. வட்டத் தலைநகரில் அமைந்த நடுவத்திற்குச் சென்று, 15 உருபா கட்டினால், நிலப்பதிவின் அச்சுப்படி அப்பொழுதே கையிற் கிடைக்கும் நிலை வந்தது. பெயர்மாற்ற வேண்டுகைகள் வந்த வரிசைப்படியே எடுத்துக்கொள்ளப்படல் வேண்டும் என்று வகுத்தனர். பதிவைத் திருத்தும் அலுவலர் தம் விரற்பதிவை இட்ட பின்னரே திருத்த முடியும் என்றும் வகுத்தனர்.

இவற்றினும் சிறந்த ஒன்று அந் நடுவங்களில் இருந்தது. அலுவலர் பார்க்கும் திரை ஒன்று. உழவனை நோக்கித் திருப்பி வைத்த திரை மற்றொன்று. தன் நிலத்தைப் பற்றி உள்ளே என்ன நடக்கின்றது என்பதை உழவன் தன் கண்ணாற் காணலாம். அத் திரையில் தெரிந்த மொழி கன்னடம். அவன் கையிற் கிடைத்த தாளிலிருந்த மொழியும் கன்னடம். விலை மிகுந்த பொறி எதுவும் அவ் விரண்டாம் திரைக்குத் தேவைப்படவில்லை. "இவனும் பார்க்கட்டும்" என்னும் மனமே தேவைப்பட்டது.

அத் திட்டத்தின் குறைகளையும் மறைக்காமற் சொல்லல் வேண்டும். ஊரிலிருந்த ஏடு வட்டத் தலைநகருக்குப் போனமையால், தொலைவிலுள்ள சிற்றூரார்க்குப் பேருந்துச் செலவும் ஒருநாட் கூலியிழப்பும் வந்து சேர்ந்தன. மேலும், பழைய ஏட்டிற் பிழை இருந்தால் அப் பிழையும் கணிப்பொறியில் ஏறிற்று. கையெழுத்துப் பிழையை ஐயுறுவோர் கூட, அச்சிட்ட பிழையைக் கண்டால் மெய்யென்று நம்பிவிடுவர். கணிப்பொறி நிலவழக்கைத் தீர்ப்பதில்லை. இருப்பதை இருந்தவாறே காட்டுவது அதன் தொழில். காட்டுவதே ஒரு பெருநன்மைதான். ஆனால் காட்டுவது வேறு, தீர்ப்பது வேறு.

இரண்டாவது, பிரித்தானியம். அந்நாட்டில் 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மைசொசைட்டி' என்னும் தொண்டமைப்பு, 2007-ஆம் ஆண்டு 'பிக்சு மை சுட்ரீட்டு' என்னும் இணையப் பணியை உண்டாக்கிற்று. 'என் தெருவைச் சீர்ப்படுத்துக' என்பது அப்பெயரின் பொருள். அஃது அரசு செய்ததன்று, குடிமக்கள் செய்தது. தெருவிற் பள்ளம் விழுந்தால், விளக்கு அவிந்தால், குப்பை குவிந்தால், ஒருவன் அந்த இடத்தை இணைய நிலப்படத்தில் தொட்டுக் காட்டி இரண்டு வரி எழுதினாற் போதும். அவ்விடம் எந்த உள்ளாட்சிக்கு உரியது என்பதைப் பொறியே கண்டறிந்து, உரிய அலுவலகத்திற்கு அம் முறையீட்டை அனுப்பிவிடும்.

இதன் அருமையை உணர்தல் வேண்டும். பள்ளம் விழுந்த சாலை ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, குடிநீர் வாரியம் தோண்டியதா என்று அறிந்த பின்னரே முறையிடல் வேண்டும் என்றால், முறையிடுவோன் முன்னரே பாதி ஆட்சியாளனாக இருத்தல் வேண்டும். "இஃது எங்கள் துறையன்று" என்னும் ஒரே தொடரால் எத்துணை முறையீடுகள் இறந்துபட்டுள்ளன! அந்தச் சுமையைக் குடிமகன் தோளிலிருந்து இறக்கிப் பொறியின் தோளில் ஏற்றினர். அறியாமை என்னும் முதல் அங்கே செல்லாக் காசாயிற்று.

இன்னும் இரண்டு சிறப்புகள் உண்டு. ஒன்று, முறையீடு ஊரறிய நிற்கும். மடலில் எழுதிய முறையீட்டைக் கிழித்துப் போடலாம். எல்லார் கண்ணுக்கும் முன்னால் நாளும் இடமும் குறித்து நிற்கும் முறையீட்டை யார் கிழிப்பது? நான்கு கிழமை கழித்து, "குறை தீர்ந்ததா?" என்று முறையிட்டவனையே அப்பணி மீண்டும் கேட்கின்றது. தீர்ந்தது என்று சொல்லும் உரிமை அலுவலகத்திற்கு மட்டும் உரியதன்று. பள்ளத்தில் விழுந்தவனுக்கும் உண்டு. மற்றொன்று, அப்பணியை இயக்கும் மென்பொருள் யார்வேண்டுமாயினும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அதனாலன்றோ நார்வே நாட்டார் 2011-இல் அதனைத் தம் மொழியில் அமைத்துக்கொண்டனர்! சூரிக்கு நகராட்சியும் 2013-இல் தனக்கேற்ப ஆக்கிக்கொண்டது. பூட்டிய மென்பொருளாயின் விற்பவன் தரும் மொழியில்தான் மக்கள் பேசுதல் வேண்டும். திறந்த மென்பொருளாயின் மக்கள் மொழியில் அது பேசும்.

மூன்றாவது, எசுத்தோனியா. பால்டிக்குக் கடலோரத்தில் அமைந்த இந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களினும் சிறியது. அரை நூற்றாண்டுக் காலம் சோவியத்து ஆட்சியின் கீழ் இருந்து, 1991-இல் மீண்டும் விடுதலை பெற்றது. விடுதலைக்கு முன்பே, 1989 சனவரியில், எசுத்தோனியமே ஆட்சிமொழி என்று சட்டஞ் செய்துகொண்ட மக்கள் அவர்கள். விடுதலை பெற்றபொழுது அவர்களிடம் பெருஞ் செல்வம் இல்லை. 1996-இல் 'புலிப் பாய்ச்சல்' என்று பெயரிட்டுப் பள்ளிகளுக்குக் கணிப்பொறியும் இணையமும் கொண்டு சென்றனர். 2001-இல் அரசுத் துறைகளின் ஏடுகளையெல்லாம் ஒன்றோடொன்று பேசவைக்கும் இணைப்பமைப்பை உண்டாக்கினர். 2002-இல் குடிமக்கட்கு மின்னடையாள அட்டை வழங்கினர். 2005-இல் உள்ளாட்சித் தேர்தலில் இணையம் வழி வாக்களிக்கும் முறையை நாடு முழுமைக்கும் கொண்டுவந்தனர்.

அந்நாட்டிற் கற்கத்தக்க நெறிகள் இரண்டு. ஒரு செய்தியைக் குடிமகனிடம் அரசு ஒருமுறைதான் கேட்கலாம் என்பது முதல் நெறி. பிறப்பை ஒரு துறை பதிந்துவிட்டால், மற்றொரு துறை பிறப்புச் சான்று கொண்டுவா என்று கேட்டல் ஆகாது. ஏட்டைத் தானே பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஒரே செய்திக்கு இரு தனித்தனி ஏடுகள் வைப்பதையே அந்நாட்டுச் சட்டம் தடுக்கின்றது. நம் மூதாட்டி ஓர் அலுவலகம் தந்த தாளைச் சுமந்து மற்றோர் அலுவலகம் செல்கின்றாளே, அவள் செய்வது என்ன? அரசின் ஒரு கை அறிந்ததை மற்றொரு கைக்குச் சொல்லும் அஞ்சற்காரி வேலையை, கூலியின்றிச் செய்கின்றாள்!

தன்னைப் பற்றிய ஏட்டை எந்தத் துறை எப்பொழுது பார்த்தது என்பதைக் குடிமகன் தானே பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாம் நெறி. கரணியமின்றிப் பிறர் ஏட்டைத் துருவும் அலுவலர் ஒறுக்கப்படுவார். அரசு குடிமகனைப் பார்க்குமாயின், குடிமகனும் அரசைப் பார்த்தல் வேண்டும். அன்றேல் கணிப்பொறி ஆட்சி என்பது ஒற்றாடல் ஆட்சியாகவே முடியும்.

அந்நாட்டிற்கு இடர்கள் வாராமல் இல்லை. 2007-ஆம் ஆண்டு அதன் அரசுத் தளங்களும் வைப்பகங்களும் பெரும் இணையத் தாக்குதலுக்கு ஆளாயின. 2017-இல் ஏறத்தாழ 7.6 இலக்கம் அடையாள அட்டைகளின் பாதுகாப்பிற் குறை இருப்பது தெரிய வந்தது. அரசு அதனை மூடி மறைக்கவில்லை. அவ் வாண்டே குறையை ஊரறியச் சொல்லி, அட்டைகளின் மின்சான்றுகளை நிறுத்திவைத்துப் புதுப்பித்தது. பிழையே வாராத பொறி உலகில் இல்லை. பிழையை ஒப்புக்கொள்ளும் அரசு இருந்தால் மக்கள் பொறியை நம்புவர்.

தமிழன்பர்கள் மகிழத்தக்க ஒரு செய்தியும் உண்டு. எசுத்தோனியர் கணிப்பொறிக்கு வழங்கும் சொல் 'அர்வுத்தி'. கணக்கிடுதல் என்னும் பொருளுடைய தம் மொழி வேரினின்று ஆக்கிய சொல் அது. கணித்தல் என்னும் வேரினின்று தமிழர் 'கணினி' கண்டது போன்றே அவர்களும் கண்டனர். 13 இலக்கம் பேருடைய நாட்டின் மொழிக்கு இயலுமாயின், ஏழுகோடிக்கு மேற்பட்ட மக்கள் வழங்கும் மொழிக்கு இயலாதோ?

இனித் தமிழ்நாட்டைப் பார்ப்போம். பட்டாவையும் நிலப்படத்தையும் இணையத்திற் காணும் ஏந்து இங்கும் உண்டு. சான்றுகட்கு ஊர்தோறும் நடுவங்கள் வழி வேண்டுகை விடுக்கும் ஏந்தும் உண்டு. அவை நன்மையே, நன்மையை நன்மையென்று சொல்லத் தயங்குதல் கூடாது. ஆனால் அந் நடுவங்களின் பெயர்ப்பலகையை நோக்குங்கள்! 'இ-சேவை மையம்'. 'இ' என்பது ஆங்கில எழுத்து, 'சேவை' வடசொல். தமிழர்க்குத் தமிழ்நாட்டரசு பணிசெய்யும் இடத்தின் பெயரில் தமிழைத் தேடல் வேண்டியுள்ளது. 'மின்பணி நடுவம்' என்றால் கதவு திறவாதோ?

பலகையிலுள்ள பெயரினும் பெரிய சிக்கல், பலகைக்குள்ளே நுழையும் மக்களின் பெயர். 'தமிழ்ச்செல்வி' என்னும் பெயரைத் தமிழில் எழுதினால் ஒரே வடிவந்தான். அதனையே ஆங்கில எழுத்தில் எழுதும்பொழுது ழகரத்திற்கு ஒருவர் ஓரெழுத்து இடுவார். இன்னொருவர் ஈரெழுத்து இடுவார். மற்றொருவர் லகரமாகவே எழுதிவிடுவார். தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக மாறும். அடையாள அட்டையில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, வைப்பகக் கணக்கில் ஒன்று. மூன்றும் ஒருத்தியே என்பதைப் பொறி ஏற்க மறுக்கின்றது. பெற்றோர் இட்ட பெயர் பிழையன்று. அதனை அயல் எழுத்தில் அடைத்தமையே பிழை. அப் பிழையைத் திருத்த அவள் மீண்டும் மரநிழலுக்குச் செல்கின்றாள். மரநிழல் தரகன் இப்பொழுது கணிப்பொறிக் கடையில் அமர்ந்திருக்கின்றான், அவ்வளவே மாற்றம்! புதிய அறியாமை, புதிய முதல், புதிய வணிகம்!

ஆட்சிமொழி தமிழே என்று 1956-இல் சட்டஞ் செய்த நிலம் இது. 1999-இல் தமிழ்க் கணிப்பொறிக்கு ஒருசீரான விசைப்பலகை வகுத்த நிலம். 2010-இல் உலகப் பொதுக் குறியீட்டு முறையைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்ட நிலம். இனியும் எழுத்துரு இல்லை, விசைப்பலகை இல்லை என்று சொல்ல எவர்க்கும் வாயில்லை. இல்லாதது மனம் ஒன்றே.

இவ்விடத்தில் தமிழ்ப் புலவர்க்கும் ஒரு கடமை உண்டு. தூய தமிழ் என்பது கடுந்தமிழன்று. வாரிசுச் சான்றைப் 'பிறங்கடைச் சான்று' என்று படிவத்தில் அச்சிட்டுவிட்டு, பொருள் விளங்காமல் நிற்கும் மூதாட்டியைப் பார்த்துப் பெருமை கொள்வதில் என்ன பயன்? ஆங்கிலப் படிவம் அவளைப் புறத்தே நிறுத்தியது போன்றே அத் தமிழ்ப் படிவமும் நிறுத்திவிடும். புதிய சொல் நிலைபெறும் வரை பழகிய சொல்லையும் அருகே வைத்தல் வேண்டும். தொடரைச் சிறிதாக்கல் வேண்டும். படிவத்தை அச்சிடுமுன் எழுத்தறிவு குறைந்த பத்துப் பேரிடம் காட்டி, அவர்கட்கு விளங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். மக்கட்கு விளங்கும் சொல்லே வாழும் சொல்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. பொறி, ஆளுக்கு மாற்றாகாது. மண்ணிலும் கல்லிலும் உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காதபொழுது, "உன் கை உன் கையன்று" என்று ஒரு கிழவனைத் திருப்பி அனுப்புதல் முறையாமோ? இணையமில்லாதார்க்கும் கைப்பேசியில்லாதார்க்கும் தாள்வழியும் ஆள்வழியும் திறந்தே இருத்தல் வேண்டும். அவ்வாறே, எத்துணை நல்ல மென்பொருளும் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஊர் உறுப்பினர்க்கு மாற்றாகாது. 2016 அக்தோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. சிற்றூர்களில் பெரும்பாலானவற்றிற்கு 2019 திசம்பரில்தான் தேர்தல் நடந்தது. நகர்ப்புறங்கட்கோ 2022 பிப்பிரவரியில்தான் நடந்தது. அவ் வாண்டுகளில் திரையில் முறையீட்டு எண் கிடைத்திருக்கலாம். கதவைத் தட்டிக் கேட்க உறுப்பினர் இல்லை. மக்களாட்சி இல்லாத இடத்தில் கணிப்பொறி வெறுங் கணக்குப்பிள்ளையே.

வெளிப்படையாக ஆளுதல் இம் மண்ணிற்கு அயலானதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊர் வாரியங்கட்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளைக் கல்லிலே எழுதி ஊரறிய வைத்தனர். கணக்குக் காட்டாமற் போனவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்திற்கு வரலாகாது என்றும் எழுதி வைத்தனர். அது பார்ப்பனர் ஊரின் அவை. நிலமற்றோர்க்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. அக் குறையை மறைத்துப் பெருமை பேசுதல் வேண்டா. ஆயினும், விதியும் கணக்கும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருத்தல் வேண்டும் என்னும் நெறி ஆயிரத்து நூறாண்டுப் பழமையுடையது. அன்று கற்சுவர், இன்று மின்திரை. கற்சுவரில் இடம்பெறாதார்க்கும் மின்திரையில் இடமளித்தலே இற்றை நாளின் கடமை.

ஆகவே, வேண்டுவன இவை: படிவம், விடைமடல், கைப்பேசிச் செய்தி ஆகிய அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும், மக்களின் பெயர் தமிழெழுத்திலேயே முதற்பதிவாதல் வேண்டும். ஒருமுறை தந்த சான்றை மறுமுறை கேட்டலாகாது. முறையீடு எந்த அலுவலகத்தில் எத்தனை நாளாக நிற்கின்றது என்பது ஊரறியத் தெரிதல் வேண்டும். தீர்ந்தது என்பதை முறையிட்டவரும் ஒப்புதல் வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் ஆக்கிய மென்பொருள் மக்கட்குத் திறந்திருத்தல் வேண்டும். திரையிலுள்ள கணக்கை ஊரவைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். திரையைக் காண இயலாதார்க்குச் செவியேனும் உண்டன்றோ?

இவற்றை அரசு செய்யும் வரை காத்திருத்தலும் வேண்டா. ஒவ்வோர் ஊரிலும் தமிழ்ப்பற்றுடைய இளைஞர் இருவர், கிழமைக்கு ஒரு மாலை, ஊர்ப் படிப்பகத்தில் அமரட்டும். வருவோர்க்குக் காசு வாங்காமற் படிவம் நிரப்பித் தரட்டும். தருவதோடு நில்லாமல் நிரப்பவும் கற்பிக்கட்டும். எந்தச் சான்றுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழிற் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். ஆங்கிலத்தில் மட்டும் உள்ள படிவம் கண்ணிற்பட்டால், அதன் தமிழ் வடிவத்தை எழுதி, "இதனை அச்சிடுக" என்று உரிய அலுவலகத்திற்கு விடுக்கட்டும். மறுமொழி வாராவிடின் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கரணியம் கேட்கட்டும். மேடையில் மொழிப்பற்றைப் பேசுதல் எளிது. படிவத்தில் மொழிப்பற்றைக் காட்டுதலே அரிது.

மரநிழலில் நிற்கும் தரகனை வைது பயனில்லை. அவன் விற்கும் சரக்கை ஊரார்க்கு இலவயமாக வழங்குங்கள். அவன் கடை தானே மூடும். அந்நாளில் அம் மூதாட்டி தன் மொழியில் எழுதிய தாளைத் தன் கையிற் பிடித்து, தானே படித்து, தலைநிமிர்ந்து அலுவலகப் படியிறங்குவாள். அதுவே மக்களாட்சி; அதுவே தமிழாட்சி.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்மக்கள் உரிமை!